கப் என்பது எடை அல்ல

"எந்தப் பொருளாக இருந்தாலும் 1 கப் என்றால் 250 கிராம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி யாரும் கேக்குக்கு மாவு கலக்கிவிட வேண்டாம். கப் காட்டுவது கொள்ளளவை. அந்த 250 மில்லிலிட்டர், கிராம் அல்ல. தண்ணீருக்கு இரண்டும் ஒன்றாக வரும், பாலுக்கு ஏறக்குறைய வரும். மற்றதற்கெல்லாம்? ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா என்ன!

அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. அதில் மைதா 120 முதல் 125 கிராம்தான் பிடிக்கும். சர்க்கரை 200, வெண்ணெய் 227, தேன் 340 கிராம் வரும். 2 கப் மைதா கேட்கும் குறிப்புக்கு அரைக் கிலோவைக் கொட்டினால் மாவு இரு மடங்காகிவிடும். அடுப்பிலிருந்து வருவது கேக் அல்ல, செங்கல். (நானும் ஒன்று சுட்டிருக்கிறேன்.)

மைதாவை அள்ளும் விதமும் முக்கியம். கப்பை டப்பாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும். கரண்டியால் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால்தான் 125-இல் நிற்கும்.

கப்பும் எங்கும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் 250 மில்லி, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அதில் மாவை அளந்துவிட்டு, முட்டையை மட்டும் குறிப்பில் உள்ளபடி உடைத்து ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும்.