பிள்ளை நகைக்குக் காசு வாங்கலாமா?

போன ஞாயிறு பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு மேசையில் என் காதில் விழுந்தது இது: "செத்த பிள்ளைய வச்சு காசு பாக்குறா." சொன்னவர் தூரத்துச் சொந்தம், பக்கத்து மேசையில்தான் இருந்தார். அங்கே நான் எதுவும் பேசவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஒரு வாரமாக மனசை அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், காசு வாங்குகிறேன். இறந்துபோன பிள்ளைகளின் முடியை, கண்ணாடி மாதிரி இறுகுகிற ரெசினில் பதித்து, கழுத்தில் போடுகிற பென்டன்ட்டாகச் செய்து கொடுக்கிறேன். ஒரு பென்டன்ட்டுக்கு 180 மலேசிய வெள்ளி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் மகள் 2018-இல் பிறந்தாள். இதயத்தில் கோளாறு, 11 நாள்தான் இருந்தாள். ஒன்பதாம் நாள் தொப்புள்கொடி விழுந்தது. நர்ஸ் அதைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். அம்மா அன்றைக்கே அக்கரையில் பினாங்குத் தீவுக்குப் போய், லிட்டில் இந்தியாவில் ஒரு பத்தரிடம் வெள்ளித் தாயத்துக்குச் சொல்லிவிட்டு வந்தார். கொடியை அதற்குள் அடைத்துப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கட்டுவதற்கு. அடுத்த இரண்டு நாளில் அவள் போய்விட்டாள். அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத மாட்டேன், அது வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயர்.

பச்சைப் பிள்ளை என்பதால் எங்கள் வீட்டில் எட்டு, பதினாறு, கருமாதி எதுவும் செய்யவில்லை. புதைத்துவிட்டு வந்தார்கள், என்னைக் கூட்டிப் போகவில்லை. நான் வீட்டுக்கு வருவதற்குள் தொட்டில், துணிமணி எல்லாவற்றையும் எடுத்து மறைத்திருந்தார்கள். என் மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார்கள். ஆனால் என் கையில் மிஞ்சியது அந்தப் பிளாஸ்டிக் பை மட்டும்தான்.

முப்பது நாள் கழித்து ஃபெரி ஏறி அந்தப் பத்தரிடம் போனேன். "ஐயா, ஒரு தாயத்துக்குச் சொல்லியிருந்தோம்" என்றேன். டிராயரைத் திறந்து எடுத்தார், எப்போதோ செய்து வைத்துவிட்டிருந்தார். "பிள்ளை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம் கொடியை வாங்கி உள்ளே வைத்து அடைத்து, கயிறு கோக்கிற வளையத்தைச் சங்கிலி நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கினார். "கழுத்துல போட்டுக்கம்மா." காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் விடாமல் கொடுத்தேன். ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று அன்றைக்கு எனக்கே புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது. மற்ற அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைக்குக் காசு கொடுத்துத்தான் நகை வாங்குகிறார்கள். நானும் என் மகளுக்கு ஒரு நகை வாங்கினேன். அவளுக்கு நான் வாங்கிய ஒரே நகை அது.

என்னிடம் வருகிறவர்களும் அதற்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு இதை இனாமாகக் கொடுத்தால் அது இரக்கமாகிவிடும். ஒரு தங்கச்சி போன மாதம் பென்டன்ட்டைத் திருப்பி அனுப்பினாள். "அக்கா, சுருள் தெரியல. அவனுக்கு நெத்திக்கிட்ட சுருள் இருக்கும்." இனாமாகக் கொடுத்திருந்தால் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள். அனுப்புகிற முடியில் பாதியை நான் எப்போதும் தனியாக எடுத்து வைப்பேன். அதை வைத்து, சுருள் தெரிகிற மாதிரி மறுபடி செய்து கொடுத்தேன்.

வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பிள்ளை தலையில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் இருக்காது. அந்தப் பிசுக்கு இருந்தால் ரெசின் முடியோடு ஒட்டாது. மென்மையான சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு நாள் காய வைத்து, பல்குச்சி நுனியால் இழை இழையாக அடுக்குவேன். ரெசினில் இரண்டு திரவம், இரண்டையும் தராசில் எடை போட்டுக் கலக்க வேண்டும். அளவு தப்பினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. இந்த ஊர் ஈரக் காற்றுக்கு மேல்பரப்பு மங்கிவிடும், அதனால் ஏர்கோன் அறையில் மூடிய டப்பாவுக்குள் மூன்று நாள். கையுறை, முகமூடி இல்லாமல் தொட முடியாது. "கெட்டுப்போச்சு, இன்னும் கொஞ்சம் முடி கொடுங்க" என்று எந்த அம்மாவிடம் போய்க் கேட்பேன்? அதனால் ஒவ்வொரு தடவையும் முதலில் என் முடியை வெட்டி வைத்து ஊற்றிப் பார்க்கிறேன். வெள்ளிக் கூடு செய்வது அதே பத்தர்தான், அவருக்கு நான் கூலி கொடுக்க வேண்டாமா?

இது வெள்ளைக்காரர் பழக்கம், வீட்டுக்கு ஆகாது என்றும் சிலர் சொல்கிறார்கள். 1861-இல் கணவர் இறந்த பிறகு விக்டோரியா ராணி அவர் முடியை லாக்கெட்டில் வைத்துப் போட்டிருந்தார், உண்மைதான். ஆனால் பிள்ளை உடம்பிலிருந்து விழுந்த ஒன்றை வெள்ளிக்குள் அடைத்துக் கட்டுவதை நம் பாட்டிகளுக்கு எந்த ராணியும் சொல்லிக் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கட்டினால் காப்பு, இல்லாத பிள்ளைக்குப் போட்டால் தரித்திரமா? எனக்கு இது புரியவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒருத்திக்கு எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே தவறிவிட்டது. "பிள்ளையே இல்ல, அப்புறம் எதுக்கு லீவு?" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் வாரமே வேலைக்குப் போய்விட்டாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு, நின்றபடி வேலை. நம் மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் 22 வாரம் தாண்டினால் பிள்ளை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் அது பிரசவம்தான். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். சட்டம் அவளை அம்மா என்கிறது, வீடு சொல்லவில்லை. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. நேற்று ஒரு அக்கா வந்திருந்தார். கையில் லேமினேட் செய்த, வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படம், முழுக்கக் கறுப்பு. பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் கொடுத்து லேமினேட் செய்திருக்கிறார். அது சூடு பட்டால் கறுக்கிற தாள். லேமினேட் மெஷினில் நுழைந்தவுடன் படம் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர என்னால் முடியவில்லை. சும்மா வைத்திருந்தாலும் அந்தத் தாள் நாளாக ஆக வெளுத்துவிடும். உங்கள் பீரோவில் அப்படி ஒரு படம் இருந்தால், இன்று இரவே வெளியே எடுத்து, நல்ல வெளிச்சத்தில் வைத்து, போனில் இரண்டு மூன்று தடவை படம் பிடித்துக்கொள்ளுங்கள்.