நிவர் இரவும் எதிர்வீட்டு அண்ணனும்

பாதுகாப்புக்காகச் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது எப்போதுமே கோழைத்தனம் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருக்கிறார். எப்போதுமேவா? 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது புதுச்சேரியில் 144 தடை உத்தரவு போட்டார்கள். கடைகள் அடைப்பு, தெருவில் ஈ காக்கை இல்லை. நானும் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூர்ப் பக்கம் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்ததைப் பார்த்தவன். எனக்கு அது கோழைத்தனமாகத் தெரியவில்லை. புயல் போனது, உத்தரவும் போனது. 1975-இல் நெருக்கடி நிலையும் நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லித்தான் வந்தது. 21 மாதம் நீடித்தது, மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பலரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்தார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது என்ன கணக்கு?

சரி, எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. நிவர் நாட்களில் என் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எதிர்வீட்டு அண்ணன் மீன்பிடிப்பவர், புயல் எச்சரிக்கை வந்த அன்றே படகைக் கரையேற்றிவிட்டார். "நல்லதுக்குத்தான் சொல்றாங்க தம்பி, ஆனா அடுப்பு எரியணுமே" என்றார். உண்மையில் விட்டுக்கொடுத்தவர் அவர்தான், நான் இல்லை. இவ்வளவு நீளக் கட்டுரையில் அவரைப் போன்றவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.