அந்த ஒரு வரியை இனி நான் அப்படி நடத்தப்போவதில்லை

போன வைகாசியில் ஒருநாள் காலை ஆறு மணி. சேரன்மகாதேவியில் எங்கள் ஆச்சி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பொடி நழுவியது. திரும்ப அள்ள முடியவில்லை, பேச்சும் குழறியது. பித்தமாக இருக்கும் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மணிக்குப் பெரியப்பா போன் செய்தார். "அம்மைக்குக் கை மரத்துப்போச்சு, செத்த நேரம் படுத்தா சரியாயிரும்." நானும், "சரி பெரியப்பா, ஸ்கூல் முடிஞ்சு வாரேன்" என்றேன்.

பாளையங்கோட்டையில் பதினான்கு வருடமாக உயிரியல் நடத்துகிறவள் நான்.

நரம்பு மண்டலம் என்றால் நியூரான், அதாவது நரம்புச் செல், படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வோம். நியூரோகிளியாவுக்கு ஒரே வரிதான்: "இவை துணைச் செல்கள்." 1856-இல் ஜெர்மன் மருத்துவர் விர்கோ அவற்றுக்குப் 'பசை' என்று பொருள்பட அந்தப் பெயரை வைத்தார். வகுப்பறையில் நாம் இன்னும் அந்தப் பசையைத் தாண்டவில்லை. ஆச்சிக்கு வந்தது பக்கவாதம். அன்று காலை அவர் மூளைக்குள் என்ன நடந்தது என்பது, அந்தத் துணைச் செல்களைத் தெரியாமல் புரியாது.

ஒரு நரம்புச் செல் அடுத்ததோடு பேச, நடுவிலுள்ள இடுக்கில் குளுட்டமேட் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. சொல்லி முடித்ததும் அதை அள்ளிவிட வேண்டும். கிடந்தால் அடுத்த செல்லைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து அது செத்துப்போகும். அள்ளுகிற வேலையில் பெரும்பங்கு நட்சத்திர வடிவத் துணைச் செல்லான ஆஸ்ட்ரோசைட்டுக்கு. அதன் சவ்வில் ஜிஎல்டி-1 என்ற புரதம் வாசல்போல நிற்கிறது. ஒரு குளுட்டமேட்டை உள்ளே இழுக்க, கூடவே மூன்று சோடியமும் ஒரு புரோட்டானும் உள்ளே வர வேண்டும், ஒரு பொட்டாசியம் வெளியே போக வேண்டும். உள்ளே வந்ததை ஆஸ்ட்ரோசைட் குளுட்டமினாக மாற்றி நரம்புச் செல்லுக்கே திருப்பிக் கொடுக்கிறது.

இழுக்கும் பலம் சோடியத்திலிருந்து வருகிறது. வெளியே அது பத்து மடங்குபோல அதிகம், அதனால் உள்ளே பாயத் துடிக்கிறது. பாபநாசத்தில் உயரத்தில் தேக்கிய தண்ணீர் விழுகிற வேகத்தில் மின்சாரம் எடுக்கிறோமே, அதுபோல. ஆனால் பாபநாசத்துக்கு மலைமேல் மழை பெய்கிறது. மூளையில் உள்ளே வந்த சோடியத்தை எல்லாம் திரும்ப வெளியேற்ற ஒரு பம்ப் ஓயாமல் ஓட வேண்டும்: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. 1957-இல் இந்தப் பம்பைக் கண்டறிந்து சொன்ன யென்ஸ் ஸ்கௌவுக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் இருபது சதவீதத்தைத் தின்பதற்கு இந்தப் பம்ப் ஒரு பெரிய காரணம்.

மூளையின் ரத்தக்குழாய் அடைத்தால் ஆக்சிஜன் வராமல் பம்ப் நின்றுவிடும். அப்புறம்தான் பயங்கரம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஏறியபோது சிந்துபூந்துறையில் அத்தை வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைக் குழாய் வழியாக மேலே கொப்பளித்து வந்தது. தினமும் அழுக்கை வெளியே கொண்டுபோன அதே குழாய். மூளையிலும் அப்படித்தான். உள்ளுக்கும் வெளிக்கும் சோடிய வித்தியாசம் அழிந்ததும், குளுட்டமேட்டை உள்ளே இழுத்த அதே வாசல் எதிர்த்திசையில் திரும்பி வெளியே தள்ளத் தொடங்குகிறது. அடைப்பின் நடுப்பகுதியில் இதற்குச் சில நிமிடங்களே போதும்.

அதைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் மிச்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். குளுட்டமேட்டைத் தடுக்கும் மருந்துகளைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. ரத்தத்தைத் திரும்ப ஓடவைப்பதுதான் வழி. குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் அறிகுறியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சுக்குக் காப்பி கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். இந்த வருடம் என் வகுப்பில் அந்த ஒரு வரிக்கு இரண்டு பீரியட் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்று பத்தரைக்குத்தான் பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். "ஏட்டி, அம்மைக்கு வாய் கோணுது." கார் பிடித்து, பாளைக்குக் கொண்டுவந்து, ஆச்சியை ஸ்கேன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது மணி பன்னிரண்டு.