ஒரு எஸ் சேர்ந்த டேமேஜ்

மாமா காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டு கேட்டில் இடித்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் நேரில் வந்து கத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வாட்ஸ்அப்பில், அதுவும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பம்.

மாமா: வாடா. இந்த மனுஷனுக்குக் கணக்கே வராது போலிருக்கிறது. இடித்தது ஒரே இடம். ‘டேமேஜஸ்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறார் பார்.

நான்: அது பன்மை இல்லை மாமா. டேமேஜ் என்றால் சேதம். எஸ் சேர்த்துக் கேட்டால் நஷ்டஈடு. கோர்ட்டு வார்த்தை.

மாமா: அடப்பாவி, ஒரே ஒரு எஸ் போட்டு என் பர்ஸில் கை வைக்கிறாரா? நல்லவேளை, நானும் சளைக்காமல் பதில் எழுதினேன். கேள். ‘யுவர் கேட் இஸ் இஞ்சூர்ட். ஐ யாம் ஆல்ஸோ டேமேஜ்டு.’

நான்: மாற்றிப் போட்டுவிட்டீர்களே! இஞ்சுரி உயிருள்ளவர்களுக்கு. டேமேஜ் பொருளுக்கு. கேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த மாதிரி இருக்கிறது.

மாமா: அப்போது எனக்கு ‘வூண்டட்’ போடலாமா?

நான்: அது கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு என்று சண்டையில் படுகிற காயம். உங்களுக்கு என்ன ஆயிற்று?

மாமா: கழுத்து லேசாகப் பிடித்துக்கொண்டது.

நான்: அதற்கு ‘ஹர்ட்’ போதும். மேலே படியுங்கள்.

மாமா: ‘ஐ வாஸ் டேஞ்சரஸ்.’

நான்: ஆபத்தில் இருந்தேன் என்றால் ‘இன் டேஞ்சர்’. இது, நானே ஆபத்தான ஆள் என்று ஒப்புக்கொள்வது.

(மாமா ஓட்டி, பின் சீட்டில் உட்கார்ந்து போனவன் நான். திருத்த எனக்கே மனசு வரவில்லை.)

மாமா: ஹசார்ட் லைட் போட்டுவிட்டுத்தான்டா எடுத்தேன். நாலு இண்டிகேட்டரும் கண்ணடித்துக்கொண்டிருந்தன.

நான்: ஹசார்ட் முதலில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர் மாமா. பகடை எப்படி விழும் என்று யாருக்குத் தெரியும்? போகப்போக அபாயத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மாமா: அப்படியானால் பொருத்தமான லைட்தான். அன்றைக்குக் கிரகமும் சரியில்லை.

நான்: அதற்கும் வார்த்தை வைத்திருக்கிறார்கள். ‘டிசாஸ்டர்’. அதற்குள்ளே இருக்கிற ‘ஆஸ்டர்’ நட்சத்திரம். நட்சத்திரம் கெட்டுப்போனதால் வந்த அழிவு. 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது.

மாமா: பார்த்தாயா, வெள்ளைக்காரனும் ஜாதகத்தின் மேல் பழி போட்டிருக்கிறான்! சரி, அடுத்தது. ‘ஐ டெசிமேட்டட் யுவர் கேட்.’

நான்: இதை எங்கே பிடித்தீர்கள்?

மாமா: செய்தியில் வந்தது. கம்பீரமாக இருந்தது.

நான்: இன்றைக்கு அதற்குப் பெருநாசம் செய்தேன் என்று அர்த்தம். ஆனால் பழைய ரோமானியப் படையில் அது ஒரு தண்டனை. கட்டளையை மீறிய படைப்பிரிவில் சீட்டுப் போட்டு, பத்துப் பேருக்கு ஒருவரைக் கொல்வார்கள். அந்த கேட்டில் எத்தனை கம்பி?

மாமா: பத்து.

நான்: வளைந்தது?

மாமா: ஒன்று.

நான்: அடடா! இதுவரை நீங்கள் எழுதியதில் இது ஒன்றுதான் கச்சிதம்.

மாமா: இனிமேல் சமாதானப் பகுதி. கேட்டுக்கு நானே பெயின்ட் அடித்துத் தருகிறேன், தின்னர் டின்னை உங்கள் சுவர் ஓரமாக வைக்கிறேன், பயப்படாதீர்கள், ‘இட் இஸ் இன்ஃப்ளேமபிள்’.

நான்: ஐயோ!

மாமா: என்ன ஐயோ? கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். ஃப்ளேமபிள் தீப்பிடிக்கும். இன்ஃப்ளேமபிள்?

நான்: அதுவும் தீப்பிடிக்கும். அந்த ‘இன்’ இல்லை என்று சொல்கிற இன் அல்ல. பற்றவைப்பதற்கு லத்தீனில் இருக்கிற வினையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் உங்களை மாதிரி ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. தீப்பிடிக்காததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’.

மாமா (குரல் இறங்கி): நேற்றுக் கரண்ட் போனபோது அந்த டின் மூடி மேல்தான்டா மெழுகுவத்தி ஏற்றி வைத்தேன்.

(கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.)

நான்: இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

மாமா: கடைசி வரி. சுவரையும் இரண்டு அடி உயர்த்தித் தருகிறேன் என்று. ‘ஐ வில் ரேஸ் யுவர் வால்.’ கை வலித்தது, அதனால் வாயால் சொன்னேன். போனே எழுதிக்கொண்டது.

நான்: காட்டுங்கள். ஆர், ஏ, இஸட், ஈ... போச்சு. உயர்த்துவது ஆர், ஏ, ஐ, எஸ், ஈ. இது இடித்துத் தரைமட்டமாக்குவது. காதுக்கு இரண்டும் ஒன்று. தயவுசெய்து இதை அனுப்பிவிடாதீர்கள்.

மாமா: டிக் இரண்டும் நீலமாகி அரை மணி நேரம் ஆகிறதேடா.

(போன் சிணுங்கியது.)

மாமா: அவர்தான். நீயே படி.

நான்: ‘நோ டேமேஜஸ் நீடெட். ப்ளீஸ் டோன்ட் கம் நியர் மை வால்.’

மாமா: எஸ் இருக்கிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்.