ட்ரூயிட் மருத்துவரும் அல்ல, நிரூபிக்கப்பட்ட கொலைகாரரும் அல்ல

"ஜாக் தி ரிப்பர் யார் என்று தெரிந்துவிட்டது: மாண்டேகு ட்ரூயிட் என்ற மருத்துவர்." வலம்வரும் இந்தச் செய்தியில் பெயரைத் தவிர எதுவும் தேறாது. 1888-இல் லண்டனில் பெண்களைக் கொன்று, கடைசிவரை அடையாளம் தெரியாமல் போன கொலைகாரனுக்கு வழங்கிய பெயர்தான் ஜாக் தி ரிப்பர்.

ட்ரூயிட்டின் தந்தைதான் அறுவை மருத்துவர். 1857-இல் டார்செட்டில் பிறந்த மகன் ஆக்ஸ்போர்டில் படித்து, 1885-இல் பாரிஸ்டரானார். லண்டனின் பிளாக்ஹீத் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகவும் இருந்தார். ஊதியம் வாங்காத அமெச்சூர் கிரிக்கெட் வீரர், 1884-இல் லண்டனின் புகழ்பெற்ற கிரிக்கெட் கழகமான எம்.சி.சி.யில் உறுப்பினரானார்.

குழப்பத்தின் ஊற்று, லண்டன் காவல் துறை அதிகாரி மெக்நாட்டன் சந்தேகத்துக்குரியவர்களைப் பற்றி 1894-இல் எழுதிய குறிப்பு. கொலைகள் நடந்தபோது அவர் பணியிலேயே சேரவில்லை. அதனால்தானோ என்னவோ, 31 வயது வழக்கறிஞரைச் சுமார் 41 வயது மருத்துவராக்கிவிட்டார்!

1888 செப்டம்பர் 8 அதிகாலையில், ரிப்பரிடம் பலியானவர்களில் ஒருவரான ஆனி சாப்மன் கொல்லப்பட்டார். அதே நாள் முற்பகலில் ட்ரூயிட் பிளாக்ஹீத்தில் கிரிக்கெட் ஆடினார். இது அவரை முழுவதுமாக விடுவிக்காது. ரயில் பிடித்து வந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் சாட்சியம் எங்கே? அவ்வாண்டு டிசம்பர் 31-இல் தேம்ஸ் ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. கொலைகளை ஒட்டிய காலத்தில் உடல் கிடைத்தது என்பதைத் தவிர அவருக்கு எதிராக எதுவுமில்லை என்று, வழக்கை நேரில் விசாரித்த ஆய்வாளர் ஆபர்லைன் 1903-இலேயே சொல்லிவிட்டார்.