‘அவனுகள் முஸ்லிமே இல்ல’ என்றால் கதை முடிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைக் கூட்டத்தில் நடந்ததைப் பலர் லைவில் பார்த்திருப்பீர்கள். இப்போது வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், கெம்பஸ் படிக்கிற அந்தத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டான்: “ஹஸரத், ஸஹ்ரான் பேசினதுக்கெல்லாம் எந்தக் கிதாபிலிருந்து ஆதாரம் எடுத்தான்?” 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானைத்தான் சொன்னான்; கிதாப் என்றால் மார்க்க நூல். மேடையில் இருந்த மௌலவியிடமிருந்து வந்த பதில்: “அவனுகள் முஸ்லிமே இல்ல. விசயம் முடிஞ்சி.” அதற்கு ஒரு கைதட்டல் வேறு! மைக் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

ஹஸரத், விசயம் முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவைச் சொன்ன ஒருவனைப் பார்த்து “நீ முஸ்லிம் இல்லை” என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறது என்ற நினைப்புத்தான் இந்த நோயின் வேர். தம்பி வேரைக் கேட்டான். நீங்கள் அதிலிருந்தே ஒரு துண்டை வெட்டி அவன் கையில் கொடுத்தீர்கள்.

இந்த நோய் புதிதல்ல. 657இல் ஸிஃப்பீன் போர். நபிகளாரின் மருமகனும் கலீஃபாவுமான அலி (ரழி), எதிரில் நின்ற முஆவியாவோடு மத்தியஸ்தத்துக்குச் சம்மதித்ததால் அவருடைய படையிலிருந்தே பிரிந்து போனார்கள் கவாரிஜ்கள். “தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே” என்பது அவர்களின் கோஷம். குர்ஆனில் உள்ளதுதான். “வார்த்தை உண்மை, நோக்கம் பொய்” என்றார் அலி. தொழுகையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மரத்திலிருந்து விழுந்த ஒரு பேரீச்சம்பழத்தை ஒருவன் வாயில் போட்டதற்கு, காசு கொடுக்காமல் எப்படித் தின்பாய் என்று துப்ப வைத்தவர்கள், அதே பயணத்தில் ஸஹாபி (நபித்தோழர்) ஒருவரின் மகனான அப்துல்லாஹ் இப்னு கப்பாபை ஆற்றங்கரையில் அறுத்தார்கள். கர்ப்பிணி மனைவியையும் விடவில்லை. கடைசியில் அலியையே கொன்றார்கள். அந்த அலியிடம், அவர்களோடு நடந்த நஹ்ரவான் போருக்குப் பிறகு “இவர்கள் காஃபிர்களா (இறைமறுப்பாளர்களா)?” என்று கேட்டபோது, “குஃப்ரை (இறைமறுப்பை) விட்டு ஓடியவர்கள் அல்லவா” என்றுதான் சொன்னார். அலியின் வாயில் வராத வார்த்தை உங்களுக்கு எவ்வளவு லேசாக வருகிறது!

பிறகு வந்தவர்களை விரிவாக எழுத இடமில்லை. இஸ்லாத்துக்கு வந்த பிறகும் செங்கிஸ்கானின் சட்டத்தை விடாத மங்கோலியர்களைப் பற்றி அறிஞர் இப்னு தைமிய்யா கொடுத்த மார்க்கத் தீர்ப்பான ஃபத்வாவைத்தான் 1981இல் எகிப்து ஜனாதிபதி சாதாத்தைக் கொன்றவர்கள் தூக்கிப் பிடித்தார்கள். கப்றடியில் உதவி தேடுகிறவர்களை முஷ்ரிக் (இறைவனுக்கு இணைவைப்பவர்) என்றார் வஹ்ஹாபிய இயக்கத்தைத் தொடங்கிய முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாப். சொந்தச் சகோதரர் சுலைமானே அவரை மறுத்து எழுதினார். ஐஎஸ் பயங்கரவாத இயக்கம் இப்னு அப்துல் வஹ்ஹாபின் நூல்களை அச்சடித்துப் பரப்பியது. கிதாபில் ஒன்றுமே இல்லை என்று யாரை ஏமாற்றுகிறீர்கள்?

கிண்ணியாவில் எங்கள் வீட்டில் நபிகளார் பிறந்த மாதமான ரபீஉனில் அவ்வலில் மவ்லித் (நபி புகழ்ப்பா) ஓதி நார்சாச் சோறு கொடுப்போம். மூத்தம்மா விடியுமுன்னே எழும்பிச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவா. சவூதி போய் வந்த சாச்சாட மகன் ஒரு வருசம் அந்தச் சோற்றைக் கையால் தள்ளி, “இது ஷிர்க் (இணைவைப்பு)” என்றான். மூத்தம்மா மௌத்தானபோது ஜனாஸாத் தொழுகைக்கு நிற்காமல் வெளியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். அவன் பயங்கரவாதி இல்லை. போன் கடை வைத்திருக்கிறான், யாரையும் ஒரு ரூபாய்க்கு ஏமாற்ற மாட்டான். ஆனால் அவனைத் தூக்கி வளர்த்த ஒரு கிழவி முஸ்லிமா இல்லையா என்று தீர்மானிக்க அவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

“அப்ப தவ்ஹீத்காரங்க எல்லாரும் குண்டு வைக்கிறவங்களா?” என்று, மவ்லிதை ஷிர்க் என்கிற அந்தக் கொள்கைக்காரர்களுக்காக வருவீர்கள். இல்லை. “எல்லாம் அரசியல், அமெரிக்கா, ஈராக்.” சரி. கோபம் அங்கிருந்து வரலாம். கொல்ல அனுமதிச் சீட்டு எங்கிருந்து வருகிறது?

ஸஹ்ரான் முதலில் தேவாலயத்துக்குப் போகவில்லை. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் மோதியது சூஃபி வழியைச் சேர்ந்த ரவூஃப் மௌலவியின் ஆதரவாளர்களோடு. அந்த மௌலவியை முர்தத் (இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர்) என்று 1979இல் ஃபத்வா கொடுத்தது யார்? ஸஹ்ரான் அப்போது பிறக்கவே இல்லை. நம்முடைய மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யத்துல் உலமாதான் கொடுத்தது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

“இதையெல்லாம் பொதுவெளியில் எழுதி இனவாதிகளுக்கு ஆயுதம் கொடுக்கிறீங்க” என்று இன்பாக்ஸில் ஒரு சகோதரர். ஆயுதமா? ஈஸ்டர் தாக்குதலுக்கு அடுத்த மாதம், 2019 மே மாதம், நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. செக்கிங் வருகிறது என்று உம்மாவின் பழைய கிதாபுகளை, அரபு எழுத்து இருந்த ஒரே காரணத்துக்காக, பொலித்தீனில் சுற்றி மண்ணுக்குள் வைத்தோம். மினுவாங்கொடையில் கடைகளை எரித்தவன் நாங்கள் பேசினோமா இல்லையா என்று கேட்டுவிட்டா எரித்தான்? 2020இல் கொரோனா என்று சொல்லி நம்முடைய மையித்துகளை (இறந்தவர்களின் உடல்களை) எரித்தார்களே, பச்சைப் பிள்ளையைக்கூட விடவில்லையே, அப்போதும் வாய்பொத்தித்தானே இருந்தோம்? பிறகு அடக்கம் செய்ய ஓட்டமாவடியில் கொஞ்சம் மண் கொடுத்தார்கள், அதற்கும் நன்றி சொன்னோம். மௌனம் நம்மைக் காப்பாற்றிய ஒரு நாளைக் காட்டுங்கள். ஈஸ்டர் அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் சீயோன் தேவாலயத்திலும் செத்தவர்களின் உறவுகள் கேட்கிற கேள்வியைத்தான் அந்தத் தம்பியும் கேட்டான். அவர்களிடமும் போய் “விசயம் முடிஞ்சி” என்று சொல்வோமா?

“நீங்க ஆலிமாவா (மார்க்கம் படித்த பெண்ணா)? உங்க வீட்டு ஆம்பிளை பேச மாட்டாரா?” என்றும் வந்திருக்கிறது. ஆலிமா இல்லை. என் அகீதாவை (நம்பிக்கையை) பரிசோதிக்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், இன்பாக்ஸில் வேண்டாம், கமெண்டில் எல்லாரும் பார்க்க எழுதுங்கள். அதற்கு முன் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் கிதாபுல் ஈமான் பகுதியைத் திறந்து, கலிமா சொன்னவனைக் கொன்றுவிட்டு வந்த நபித்தோழர் உஸாமாவிடம் “அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா?” என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) கேட்ட ஹதீஸை வாசித்துவிட்டு வாருங்கள்.