பதினைந்து தடவை எழுதினால் கணக்கு வந்துவிடுமா?

திருப்புதல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் எல்லாப் பள்ளியிலும் எல்லா டியூஷனிலும் நடப்பது ஒன்றுதான். கேள்வி வாக்கியமாக வருகிற வாக்கியக் கணக்கு தப்பா? அதே கணக்கைப் பதினைந்து தடவை எழுதிக்கொண்டு வா. பிள்ளை கை வலிக்க எழுதுகிறது. அடுத்த தேர்வில் பேருந்தின் வேகத்தை மட்டும் மாற்றிக் கேட்டால் மறுபடியும் முட்டை. உடனே "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை" என்று ஒரு பட்டம். ஐயா, ஏறாததற்குக் காரணம் அதன் மண்டை இல்லை. அந்தப் பதினைந்து தடவையில் ஒரு தடவைகூட அது கேள்வியை வாசிக்கவில்லை. விடையை மட்டும்தான் எழுதியது. நீங்கள் எழுதச் சொன்னதும் அதைத்தான்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 14-இல் 10, ஐந்து மதிப்பெண் வினா 14-இல் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா 2. சரிபாதி, 50 மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதியில்தான் கிடக்கிறது. இருபடிச் சமன்பாடு, வடிவொத்த முக்கோணம், ஏற்றக்கோணம் இறக்கக்கோணம், அளவியல் எல்லாம் வாக்கியமாக வந்து நிற்கிற இடம் அது. அதிலும் 42-ஆவது கட்டாய வினா. புத்தகத்தில் அப்படியே இல்லாத கணக்கு பெரும்பாலும் அங்கேதான் வரும். இது தெரிந்தும் "மினிமம் மெட்டீரியல்" என்று நான்கு தாளைக் கையில் கொடுத்து, வரைபடம் போடு, வடிவியல் வரை, ஒன் வேர்டு படி, 35 தாண்டிவிடலாம், வாக்கியக் கணக்குப் பக்கமே போகாதே என்கிறார்கள். தேர்ச்சி பெறத் தத்தளிக்கும் பிள்ளைக்கு வரைதலில் 16 மதிப்பெண் பெரிய பிடிமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் "உனக்கு இது வராது" என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிக் கதவைச் சாத்த யாருக்கு உரிமை இருக்கிறது?

இப்போது ஒரு கணக்கை எடுங்கள். ஒரு பேருந்து 240 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 8 கி.மீ. அதிகமாக இருந்தால் 1 மணி நேரம் குறைவாக ஆகும். பேருந்தின் வேகம் என்ன? தாளில் எல்லாரும் எக்ஸ் போடுவார்கள். இங்கே வேகத்துக்கு வே என்றே வைத்துக்கொள்வோம். பழைய நேரம் 240/வே. புதிய நேரம் 240/(வே + 8). எது பெரியது? மெதுவாகப் போனால்தான் அதிக நேரம் ஆகும், ஆகவே பழைய நேரம் பெரியது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 1. இதைச் சுருக்கினால் வே² + 8வே − 1920 = 0, காரணிப்படுத்தினால் (வே + 48)(வே − 40) = 0, வேகம் 40. 40-இல் போனால் 6 மணி, 48-இல் போனால் 5 மணி. ஒரு மணி நேரம் குறைந்துவிட்டது, சரி.

தாளில் நடப்பது வேறு. வே + 8 பெரிய எண் என்பதால் 240/(வே + 8)-ஐ முன்னால் போட்டு 240/வே-ஐக் கழிக்கிறது பிள்ளை. வே² + 8வே + 1920 = 0 என்று வருகிறது. மெய்யான மூலம் உண்டா என்று காட்டும் தன்மைகாட்டி 64 − 7680, குறை எண், மெய்யான மூலமே கிடையாது. பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? மனப்பாடம் செய்த விடையில் கழித்தல் குறி இருந்த ஞாபகம் வந்து, கூட்டல் குறியைக் கழித்தல் குறியாகத் திருத்திவிட்டு மேலே போகிறது. அந்தத் திருத்தலைத் தாளில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? "மூலம் இல்லை என்றால் நான் எழுதிய சமன்பாடுதான் தப்பு" என்று அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்க்க அதற்கு யாருமே பழக்கவில்லை. பழக்கியதெல்லாம் குறியைத் திருத்தத்தான்.

இதிலேயே நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். 100 கி.மீ., வேகம் 10 கி.மீ. அதிகம், 30 நிமிடம் குறைவு. வேகம் மணிக்கணக்கில் இருக்கும்போது 30 நிமிடத்தை 1/2 என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் வே² + 10வே − 2000 = 0, வேகம் 40. வலப்பக்கம் 30 என்றே எழுதினால் 3வே² + 30வே − 100 = 0 என்று வரும், வேகம் மணிக்குச் சுமார் 2.64 கி.மீ. நடந்து போகிறவர்கூட அதைவிட வேகமாகப் போவார். விடையைப் பார்த்ததும் பிள்ளைக்குச் சுருக்கென்று தைக்க வேண்டாமா? தைக்காது. அந்த எண் ஒரு பேருந்தின் வேகம் என்பதே அதற்குள் மறந்துபோயிருக்கும். முதல் வரியில் "எக்ஸ் என்க" என்று மொட்டையாக விட்டதன் பலன் இது. எக்ஸ் என்றால் என்ன? வேகமா, நேரமா, பழைய வேகமா, புதிய வேகமா? "பேருந்தின் முதல் வேகம் மணிக்கு எக்ஸ் கி.மீ. என்க" என்று அலகோடு முழு வாக்கியமாக எழுத வைத்தால் பாதித் தப்பு அங்கேயே நின்றுவிடும். அது வெறும் சம்பிரதாய வரி என்று நினைத்துக் கரும்பலகையிலேயே சுருக்கி எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அடுத்தது மொழி. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் வாக்கியம் தானாகவே புரிந்துவிடும் என்று நினைக்கிறோம். "விட", "போல்", "மடங்கு", "அதிகம்", "குறைவு" என்ற ஐந்து சொல்லில்தான் அது வழுக்கி விழுகிறது. "தந்தையின் வயதைவிட மகனின் வயது 28 குறைவு" என்றால் "விட" எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். தந்தை வயதில் 28 கழித்தால் மகன் வயது. இதை ஐந்து நிமிடம் செலவழித்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். யாரும் சொல்வதில்லை, தமிழாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். தமிழாசிரியருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

வயதுக் கணக்கில் அடைப்புக்குறி ஒன்றே ஆளைக் கொல்லும். தந்தை வயது மகன் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பிறகு 3 மடங்கு ஆகும். மகன் வயது ம என்றால் 4ம + 5 = 3(ம + 5), ம = 10, தந்தைக்கு 40. ஐந்து ஆண்டு கழித்து 45-உம் 15-உம், மூன்று மடங்கு. அடைப்புக்குறியை விட்டு 3ம + 5 என்று எழுதினால் ம = 0. மகனுக்கு ஐந்து கூட்டவே மறந்து 3ம என்று எழுதினால் ம = −5. இந்த இரண்டு விடையையும் அப்படியே கோடு போட்டு அடிக்கோடிட்டு எழுதி வைத்த தாள்கள் உண்டு. தப்பு எங்கே என்று விடையே கத்திச் சொல்கிறது, கேட்கப் பழக்காமல் விட்டது நாம்.

வடிவியலுக்கு வந்தால் படம்தான் எல்லாம். படத்தைக் கேள்வி வாசித்து வரைய வைக்காமல், கைடில் இருப்பதைப் பார்த்து வரைய வைக்கிறோம். முக்கோணம் ஏபிசி-யில் ஏபி மேல் டி, ஏசி மேல் இ; டிஇ என்ற கோடு பிசி-க்கு இணை. ஏடி 4, டிபி 6, பிசி 15, டிஇ என்ன? தேல்ஸ் தேற்றம் ஏடி/டிபி = ஏஇ/இசி என்று மனப்பாடமாக இருப்பதால் 4/6-ஐ எடுத்து 15-ஆல் பெருக்கி 10 என்று எழுதிவிடுகிறது பிள்ளை. இணைக்கோட்டின் நீளம் வரும்போது பேச வேண்டியது வடிவொத்த முக்கோணங்களைப் பற்றி. சின்ன முக்கோணத்தின் பக்கம் ஏடி என்றால் பெரிய முக்கோணத்தின் பக்கம் ஏபி, அது 10. டிஇ = 15 × 4/10 = 6. இரண்டு முக்கோணத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பக்கத்தில் வரைந்தால் இந்தத் தப்பு வரவே வராது. "அதற்கெல்லாம் நேரம் இல்லை" என்பார்கள். தப்பான கணக்கைப் பதினைந்து தடவை எழுத மட்டும் நேரம் இருக்கிறது.

இதே தப்புதான் விளக்குக் கம்பக் கணக்கிலும். 6 மீ. உயரக் கம்பம், 1.5 மீ. உயரப் பிள்ளை, கம்பத்திலிருந்து 6 மீ. தள்ளி நிற்கிறது, நிழலின் நீளம் நி. பெரிய முக்கோணத்தின் அடிப்பக்கம் 6 இல்லை, நிழலையும் சேர்த்து நி + 6. அதனால் நி/1.5 = (நி + 6)/6, நி = 2 மீ. படம் வரையாமல் போனால் நி/1.5 = 6/6 என்று எழுதி 1.5 மீ. என்று முடித்துவிடும். இறக்கக்கோணத்திலும் அப்படியே. 60 மீ. கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு காரின் இறக்கக்கோணம் 30° என்றால், அந்தக் கோணம் உச்சியில் கிடைமட்டக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். கோபுரச் சுவரையும் பார்வைக் கோட்டையும் சேர்த்து நடுவில் 30° போட்டுவிட்டால் 60√3, அதாவது 103.92 மீ. என்று வர வேண்டியது 34.64 மீ. என்று வரும். உச்சியில் முதலில் ஒரு கிடைமட்டக் கோடு, புள்ளிக்கோடாகவாவது, போட்ட பிறகுதான் கோணத்தைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எட்டு மதிப்பெண் வரைதல் "ஷ்யூர் மார்க்" என்கிறார்களே, அதிலும் மனப்பாடம்தான் காலை வாருகிறது. அடிப்பக்கம், உச்சிக்கோணம், குத்துயரம் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்கள். அடிப்பக்கத்துக்குக் கீழே ஒரு முனையில் உச்சிக்கோணத்தின் அளவில் ஒரு கதிர், அந்தக் கதிருக்கு அதே முனையில் 90°, அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு அந்தச் செங்குத்தை வெட்டும் இடம், முக்கோணத்தின் மூன்று முனையும் அமையும் வட்டத்தின் மையம். பிள்ளை 90°-ஐ அடிப்பக்கத்திலிருந்து அளந்துவிடும். இரண்டு கோடும் இணையாகிவிடும், மையமே கிடைக்காது. ஏன்? அந்தக் கீழ்க்கதிர் வட்டத்துக்குத் தொடுகோடு என்று அதற்குத் தெரியாது. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையிலுள்ள கோணம் மாற்று வட்டத்துண்டிலுள்ள கோணத்துக்குச் சமம்; தொடுகோட்டுக்குச் செங்குத்தாகத்தான் ஆரம் இருக்கும். அதே நான்காம் பாடத்தில் இருக்கிற தேற்றம் இது. தேற்றத்தைத் தனியாக ஒப்பிக்க வைக்கிறோம், வரைதலைத் தனியாக ஒப்பிக்க வைக்கிறோம், இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆளில்லை. வடிவொத்த முக்கோண வரைதலில் பக்கங்கள் 7/3 மடங்கு என்றால் கதிரில் 7 புள்ளி வைத்து மூன்றாவதை முனையோடு சேர்த்து ஏழாவதிலிருந்து இணைக்கோடு. 3/5 என்றால் 5 புள்ளி வைத்து ஐந்தாவதைச் சேர்த்து மூன்றாவதிலிருந்து இணைக்கோடு. பகுதி எண்தான் இருக்கிற முக்கோணம், தொகுதி எண்தான் வரப்போகிற முக்கோணம் என்ற ஒரு வரி புரிந்தால் இரண்டையும் குழப்பவே முடியாது.

அளவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை உருக்கி 4 செ.மீ. விட்டமுள்ள சின்னக் கோளங்கள் செய்தால் எத்தனை? சின்னதன் ஆரம் 2; 12/2 = 6; 6-இன் கனம் 216. விட்டத்தை ஆரமாக வாசித்தால் 27. சரியாக வாசித்த பிள்ளையும் 4/3, 22/7 எல்லாவற்றையும் பெருக்கி, 7241 என்று தசமத்தில் மாட்டிப் பத்து நிமிடம் தொலைக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே 4/3 பை, அடித்துவிட்டுப் போ என்று சொல்லிக்கொடுங்கள். கால்குலேட்டர் இல்லாத தேர்வில் பெருக்குவதைத் தள்ளிப்போடத் தெரிவதும் கணக்குதான்.

பயிற்சி வேண்டுமா? பத்து வாக்கியக் கணக்கைக் கொடுங்கள், எதையும் தீர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே வேலை: தெரியாதது எது என்று அலகோடு ஒரு வாக்கியம், ஒரு உதவிப்படம் அல்லது சின்ன அட்டவணை, ஒரு சமன்பாடு. நாற்பது நிமிடத்தில் பத்தும் முடியும். அதை மட்டும் திருத்துங்கள். காரணிப்படுத்துவதைத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே வரும். விடை வந்தபின் சரிபார்ப்பதைச் சமன்பாட்டில் போட்டுச் செய்ய விடாதீர்கள். சமன்பாடே தப்பாக இருந்தால் தப்பு விடையும் அதில் அழகாகப் பொருந்தும். பேருந்துக் கேள்வியின் தமிழ் வாக்கியத்துக்குத் திரும்பப் போய் 40-ஐயும் 48-ஐயும் வைத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். −48-ஐத் தள்ளும்போது "வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது" என்று காரணத்தையும் எழுத வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. கைபேசியில் விடை வீடியோவை நிறுத்தி நிறுத்தி நோட்டில் ஏற்றுவது படிப்பு ஆகாது. கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு வீடியோவை மூடச் சொல்லுங்கள். சமன்பாடு எழுதிய பிறகு திறக்கட்டும்.

அடுத்த திருப்புதல் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுக்கிறவர்களே, கைடில் இருக்கிற எண்ணை அப்படியே போட்டு "எங்கள் பள்ளியில் எல்லாரும் எழுதிவிட்டார்கள்" என்று கணக்குக் காட்டாதீர்கள். ஆரத்தை விட்டமாக்குங்கள், மணியை நிமிடமாக்குங்கள், "அதிகம்" இருக்கிற இடத்தில் "குறைவு" போடுங்கள். எந்தப் பிள்ளை குறியைத் திருத்திவிட்டு மேலே போனதோ அதைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தக் கூட்டலை ஏன் கழித்தல் ஆக்கினாய்?" என்று கேளுங்கள். இம்போசிஷன் எழுதவைக்கும் நேரத்தில் கால்வாசி போதும் அதற்கு.